சடைமுடிப் பிறையும் கம்மியர் கைவினையும்

பிறை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் உலகியல் மாந்தர் வானத்தை நோக்குவர். சைவ மெய்யன்பரோ சிவபெருமானது சடைமுடியை நினைப்பர். ஆளுடைய பிள்ளையார் சீகாழித் திருக்குளக்கரையில் தம் தந்தையார்க்கு இறைவனைச் சுட்டிக் காட்டியருளிய முதல் திருப்பாட்டிலேயே காதணியும் பிறைமதியும் அடையாளங்களாக வைக்கப்பட்டுள்ளன. மூவாண்டுக் குழவியார் தாம் கண்ட பொருளுக்கு அடையாளங் கூறிய முறை இதுவாயின், அணி என்பது இறைவன் திருமேனியிற் புறத்தே ஒட்டிய பொருளன்று, அவனை இன்னான் என அறிவிக்கும் சான்றாம் என்பது பெறப்படும். இவ்வுண்மையை உளங்கொண்டு, பிறையைக் கருவாகக் கொண்டு நம் நாட்டுக் கம்மியர் கையாற் செய்துவரும் வார்ப்புத் திருமேனிகளையும் அணிகலன்களையும் ஆராய்ந்து, அவற்றின் குணமும் குற்றமும் இவை எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. எம்மூரை அடுத்துள்ள ஒரு சிவாலயத்தில் சந்திரசேகரமூர்த்தியின் விழாத் திருமேனி ஒன்று எழுந்தருளியிருக்கின்றது. செல்வம் மிக்க அன்பர் ஒருவர் அத்திருமேனிக்கு வெள்ளியாற் பிறை செய்து, பொன்முலாம் பூசி, வெண்கற்கள் பதித்து அணிவிக்க விரும்பினார். அவர் கொணர்ந்த வரைபடத்திற் பிறையின் இருகோடுகளும் வளைந்து ஒன்றையொன்று தொடும் அளவினவாய், நடுவே ஒரு விண்மீனும் உடையனவாய் இருந்தன. அதனினும் பெரிய செய்தி, அப்பிறை அசையாது நிற்றற்பொருட்டுத் திருமேனியின் சடாமகுடத்தில் இரண்டு துளையிட்டுத் திருகாணி செலுத்த வேண்டும் என்பது. ஆலயத்தார் எம்மை அழைத்து, “ஐயா, இது தகுமா?” என்று வினவினர். அன்று வாயாற் கூறிய விடை சுருங்கியது. அதன் விரிவே ஈண்டு எழுதப்படுகின்றது.

முதற்கண் பிறை பெருமான் முடியேறிய வரலாற்றை நோக்குவாம். தக்கன் தன் மகளிர் இருபத்தெழுவரைச் சந்திரனுக்கு மணஞ்செய்து கொடுத்தான். அவன் உரோகிணி ஒருத்தியிடத்தே பேரன்பு வைத்து ஏனையோரைப் புறக்கணித்தான். தக்கன் சினந்து, நின் கலைகள் தேய்க எனச் சபித்தான். நாளுக்கொரு கலையாகத் தேய்ந்து, எஞ்சிய கலையும் அழியும் நிலையிற் சந்திரன் சிவபெருமானைச் சரண்புக, பெருமான் அதனை எடுத்துத் தம் சடையிற் சூடிக்கொண்டருளினார். திருவையாற்றை அடுத்த திங்களூர்க் கயிலாயநாதர் திருக்கோயில் சந்திரன் வழிபட்ட தலமாகப் போற்றப்படுவது. அப்பூதியடிகள் வாழ்ந்த பதியும் அதுவே. இவ்வரலாற்றிற் கருதத்தக்கது யாதெனின், இறைவன் முழுமதியைச் சூடவில்லை என்பது. நிறைந்து ஒளிவிட்ட நாளில் அச்சந்திரனை அவன் எடுத்தணிந்தானல்லன். குற்றத்தால் தேய்ந்து, தன் முயற்சியாற் பிழைக்க இயலாது என்று அறிந்து வந்த நாளிலேயே அணிந்தான். ஆகவே பிறை அழகின் பொருட்டுச் செருகிய பூவன்று. அடைக்கலம் புகுந்தாரைக் கைவிடாத அருளின் முத்திரை.

சித்தாந்தம் பயின்றார்க்கு இதன்கண் இன்னும் ஒரு பொருள் புலனாகும். மதிக்கு ஒளி தன்னுடையது அன்று, கதிரவனிடத்திருந்து பெற்றது. உயிர்க்கும் அறிவு அறிவிக்க விளங்குவதன்றித் தானே விளங்குவதன்று. மதிக்குக் களங்கம் உண்டு. உயிர்க்கும் மலம் உண்டு. மேலும், பிறைநாளில் மதியின் பெரும்பகுதி கட்புலனாகாது மறைந்திருப்பினும் அப்பகுதி இல்லாமற் போகவில்லை. மாசற்ற வானத்தில் மூன்றாம் பிறையைக் கூர்ந்து நோக்குவார்க்கு, கோடுகளின் இடையே மதிவட்டத்தின் எஞ்சிய பகுதி மங்கலாகத் தோன்றும். நிலவுலகிற் பட்ட கதிரொளி மீண்டு சென்று அதன்மேற் படுதலால் அங்ஙனம் தோன்றுகின்றது. மறைந்தது இல்லாததன்று என்னும் சற்காரியவாதத்துக்கு இதனினும் எளிய காட்சி வேண்டுமோ? ஆணவத்தால் மறைப்புண்ட உயிரின் அறிவும் அத்தகையதே.

இனிப் பிறையின் வடிவத்தை ஆராய்வாம். பிறையின் வெளிவிளிம்பு மதிவட்டத்தின் பாதி. உள்விளிம்பு நீள்வட்டத்தின் பாதி. ஆதலின் இருகோடுகளின் நுனிகளும் மதிவட்டத்தின் நேரெதிர் முனைகளில் நிற்கும். அவற்றை இணைக்கும் கோடு மதியின் விட்டமாகும். எத்துணை மெலிந்த பிறையாயினும் அதன் கோடுகள் அரைவட்டத்தைக் கடந்து வளைந்து ஒன்றையொன்று நெருங்குதல் இல்லை. இக்காலத்து அணிகலன்களிற் காணப்படும், வளையம்போல் மூடவரும் பிறை, ஒரு வட்டத்தினுள்ளே சிறுவட்டம் ஒன்றை வெட்டியெடுத்ததனால் உண்டாகிய வடிவமேயன்றி வானத்துப் பிறை அன்று. அதன் நடுவே விண்மீன் வைத்தல் அதனினும் பிழை. என்னை? அவ்விடத்தே மதியின் இருண்ட உடல் உள்ளது. அதனூடே விண்மீன் தோன்றுதல் கூடாது.

பிறை நிற்கும் நிலையும் நோக்கற்பாலது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகை முதல் 13½ பாகை வரையில் அமைந்துள்ளது. ஆதலின் நம் வானத்தில் மாலைப் பிறை பெரும்பாலும் மல்லாந்து, ஓடம்போலக் கோடுகள் மேல்நோக்கத் தோன்றும். சில திங்களில் ஒருபுறம் சாயும். வடபுலத்து நாடுகளிலோ பல திங்களில் அது நிமிர்ந்து நிற்பதாகக் காணப்படும். நம் சிற்பியர் சடைமுடியில் வைத்த பிறை கோடுகள் மேனோக்கி இருப்பது அவர் தம் வானத்தைத் தாமே கண்டு செய்தமைக்குச் சான்று. இன்று அச்சுப்படங்களைப் பார்த்து நிமிர்ந்த பிறையைச் செய்வோர் தம் தலைக்கு மேலுள்ள வானத்தை நோக்கினாரல்லர் என்பதே எம் குறை.

அற்றேல், வானநூற் கணக்கைக் கொண்டு பத்திக் கலையை அளத்தல் முறையோ என ஒருசாரார் கடாவுவர். கணக்குப் பிழைத்ததென்பதற்காக யாம் குறைகூறுகின்றேமல்லேம். பழைய சிற்பியரும் ஓரோவிடத்துக் கோடுகளை உயர்த்தியும் தடித்தும் செய்ததுண்டு; அஃது இழுக்காகாது. பொருள் சிதைதலே இழுக்கு. பிறையின் திறந்த வாய் இனி வளர்தற்கு இடம் உண்டென்பதைக் காட்டுவது. அதனை வளையமாக மூடிவிடின் வளர்ச்சிக்கு இடமில்லை. கோடுகளின் இடையிலுள்ள வெறுவெளி மறைந்துள்ள கலைகளின் இருப்பிடம். ஆங்கே விண்மீனைப் பதித்தால் மறைந்தது இல்லாதது என்று கூறியவாறாம். சரண்புக்க உயிர் இனி வளரும் என்னும் செய்தியை அழித்துவிட்டு, எத்துணைக் கல் பதித்தாலும் அப்பிறை பேசாது.

இனி வார்ப்புத் திருமேனிகளைக் காண்போம். சுவாமிமலைத் தபதியர் இன்றும் கைக்கொள்ளும் முறை மெழுகுவார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சிய கலவையால் திருவுருவை முதலிற் சமைப்பர். தென்னையோலையை நறுக்கி மடித்து, அம்மடிப்புக்களையே அளவாகக் கொண்டு தாளப் பிரமாணம் அமைப்பர். சடையும் அரவும் ஊமத்த மலரும் பிறையும் எல்லாம் மெழுகிலேயே வடிவு பெறும். அதன்மேற் காவிரியின் நுண்ணிய வண்டலை மெல்லப் பூசி உலர்த்துவர். பின்னர்ப் பருமண்ணைப் பூசி, இருப்புக் கம்பியாற் கட்டுவர். நெருப்பிற் சூடேற்ற, மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்கருவை உடைத்தே திருமேனியை வெளிக்கொணர வேண்டும். ஆதலின் ஒரு கருவில் ஒரு திருமேனியே பிறக்கும். அதனைப் போல்வது பிறிதொன்று இல்லை.

இம்முறையிற் பிறையின் நிலை யாது? அது பின்னர் ஒட்டப்பட்டதன்று. திருவடி முதல் திருமுடி வரை ஓடிய அதே உலோகம் ஓடிப் பிறையாயிற்று. இவ்வொற்றுமையே பழந்திருமேனிகளின் அழகிற்குக் காரணம். கூத்தப்பெருமான் திருமேனியிற் சடையின் நெளிவும் அரவின் வளைவும் பிறையின் வளைவும் ஒன்றற்கொன்று விடைகூறுவன போல அமையும். அரவும் மதியும் உலகிற் பகையுடையன. அரவு மதியை விழுங்கும் என்பது புராண வழக்கு. அவை ஒரே சடையிற் பகை நீங்கி வாழ்தலைச் சிற்பி வாயாற் சொல்லவில்லை. இரண்டற்கும் ஒரே வளைவைக் கொடுத்துக் காட்டினான். ஆனந்த குமாரசுவாமியார் 1912-ஆம் ஆண்டிற் சித்தாந்த தீபிகையில் வெளியிட்டுப் பின் 1918-இல் நூலாகத் தொகுத்த சிவதாண்டவக் கட்டுரை, திருமேனியின் ஒவ்வோர் உறுப்பும் பொருளுடையது என்பதை மேனாட்டாரும் உணரச் செய்தது. சைவப் பத்திரிகை ஒன்றிலேயே அக்கட்டுரை முதலில் ஒளிகண்டது என்பது நாம் மகிழத்தக்கது.

அணிகலனைப் பொறுத்தவரை, தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களே நமக்குப் பெரும்பள்ளி. முதலாம் இராசராசனும் அவன் தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் ஆண்டுத் திருமேனிகட்கு வழங்கிய அணிகலன்கள் 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கல்லில் வெட்டப்பட்டன. பொன்னை ஆடவல்லான் என்னும் பெயருடைய நிறைகல்லாலும், அணிகலன்களைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் நிறைகல்லாலும் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எழுதிவைத்தனர். நிறைகல்லுக்கும் பெருமான் பெயரே என்பதை அன்பர்கள் நோக்குக. மதிக்குரிய மணியாகிய முத்தினை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை எனத் தரம்பிரித்து எண்ணினர். கறட்டு முத்தைக் கறடு என்றே எழுதினர். குறையுள்ளதை நிறைவுள்ளதாகக் காட்டினாரல்லர். அணிகலனுக்கு முதலழகு வாய்மை என்று அறிந்த கை அது.

சந்திரகாந்தம் பற்றியும் ஒரு சொல். மதியின் கதிர்பட்டால் நீர் சொரிவது சந்திரகாந்தம் என்பது புலவர் வழக்கு. கதிரவன் முன் நெருப்புமிழும் சூரியகாந்தத்தோடு இணைத்து நம் நூலோர் அதனை உவமையாகக் கொள்வர். இன்று கடைகளில் அப்பெயரால் விற்கப்படுவது, இலங்கையில் மீத்தியாகொடை முதலிய இடங்களிற் கிடைக்கும் ஒருவகைக் கல்; தன்னகத்தே நுண்ணிய அடுக்குகள் இருத்தலான், அசைக்குந்தோறும் உள்ளே வெண்ணீல ஒளி மிதப்பது போலத் தோற்றும். அஃது அழகிய கல்லே; எனினும் புலவர் கூறிய கல் இதுவே எனக் கூறி விலையேற்றுதல் வாய்மையன்று. மதியின் சாரம் கல்லானமைக்கு நம் சமயத்தார் காட்டும் இடம் தில்லை. ஆண்டு நாள்தோறும் ஆறு காலமும் திருமுழுக்குக் கொண்டருளும் படிகலிங்கம் சந்திரமௌலீசுவரர் எனப்படுகின்றது. கூத்தப்பெருமான் முடிப்பிறையின் சாரத்தினின்று தோன்றியது அது என்பது தலமரபு. அக்கல்லுக்குப் பொன்னும் பதிப்பும் வேண்டியதில்லை. தெளிவே அதன் அணி.

மகளிர் தலையணியிலும் பிறைக்கு இடமுண்டு. வகிட்டின் வலப்பால் சூரியனும் இடப்பால் சந்திரனுமாக அணியும் மரபு மணமகளிரிடத்தும் பரதம் ஆடுவாரிடத்தும் இன்றும் நின்று நிலவுகின்றது. நாகர்கோயிலை அடுத்த வடசேரிக் கம்மியர் வெள்ளித் தகட்டிற் சிவப்புக் கற்களும் பச்சைக் கற்களும் பதித்து, பொன்தகடு சேர்த்து இவ்வணிகளைக் கையாற் செய்வர். அவர்தம் கோயில் நகைத்தொழில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. கையாற் பதித்த கல் ஒவ்வொன்றும் தனக்குரிய குழியில் அமர்ந்திருக்கும்; விளிம்பிலே ஒன்று சிறிது உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நின்று விளக்கொளியை வாங்கி அசையும். அச்சிலடித்த நகையிற் கற்கள் எல்லாம் ஒரே முகமாக ஒளிர்ந்து ஒருங்கே மங்கும். விலை குறைவென்னும் காரணத்தால் எளியோர் அச்சுநகை வாங்குதலை யாம் இகழோம். ஆயின் ஆலயத்துக்குப் பெரும்பொருள் செலவிட வல்லாரும் கைவினையை விட்டு அச்சினை நாடுதல், கொடையை அளித்து அதன் உயிரை விலக்குதலாகும்.

இனி எம் சொந்தப் பிழை ஒன்றையும் மறையாது கூறுதல் கடன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் ஆலயத்திற்கு விண்மீன் பதித்த பிறை ஒன்றை அன்பர் ஒருவர் அளித்தபோது, யாமே அதனைப் புகழ்ந்து வாழ்த்துப்பா ஒன்று இயற்றிக் கொடுத்தேம். திருமடத்திற் பல்லாண்டு பயின்றும், பிறையை நூலிற் கண்ட அளவன்றி வானத்திற் கண்டேமல்லேம். அதனைச் செய்த முதிய கம்மியர் எம்மிடம் தனித்து வந்து, “ஐயா, கொடுத்தவர் விரும்பினார், செய்தேன், திங்களுக்குள்ளே மீன் நிற்குமா என்று தாங்கள் ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று நினைத்தேன்” என்றார். அன்று எமக்கு விடை இல்லை. கற்றவன் வாய்திறவாதபோது கம்மியன்மேற் குறைகூறுதல் முறையன்று என்பதை அப்பெரியார் எமக்குக் கற்பித்தார்.

ஆதலின் இம்முறை ஆலயத்தார் வினவியபோது வாளாவிருக்க எம்மால் இயலவில்லை. சந்திரசேகரமூர்த்தியின் திருமுடியில் வார்ப்பிலேயே அமைந்த பிறை ஒன்று ஏற்கெனவே உளது. காலத்தால் தேய்ந்து சிறுகீற்றாய்ச் சடையோடு ஒன்றி நிற்கின்றது. அதனை மறைத்தற்பொருட்டு அச்சடையையே துளைத்தல், அடைக்கலம் புகுந்த மதியை நாமே தள்ளிவிட்டு வேறொன்றைக் குடியேற்றுதல் போலும். ஊனம் செய்யப்பட்ட திருமேனி வழிபாட்டிற்குரியதன்று என்பதனையும் ஆலயத்தார் அறிவர். உலகியல் முறையானும் ஒரு தீங்குண்டு. சிரீபுரந்தானத்துக் கூத்தப்பெருமான் திருமேனி களவாடப்பட்டு ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் ஒன்றை அடைந்து, 2014-ஆம் ஆண்டில் மீண்டது. அதனை நம்முடையதென நாட்டுதற்குப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்துவைத்த நிழற்படங்கள் துணையாயின. திருமேனியின் இயல்பான உறுப்புக்களே அதன் கைச்சாத்து. அவற்றைத் துளைத்தும் தேய்த்தும் மாற்றுவோம் ஆயின் நம் சான்றை நாமே அழித்தவராவோம்.

இவற்றைக் கேட்ட அன்பர் முதலில் வருந்தினார். “பெருமானுக்கு என் கையால் ஒன்று செய்ய வேண்டும் என்றுதானே விரும்பினேன்” என்றார். அவ்விருப்பத்தை யாம் குறைகூறவில்லை, கூறவும் ஒண்ணாது. அருகிருந்த பொற்கொல்லர் ஒரு வழி சொன்னார்: பிறையை மெல்லிய தகட்டாற் செய்து, பின்புறத்தே இரு வளையம் வைத்துப் பட்டுக்கயிற்றால் முடியின் பின்னே கட்டலாம், விழாநாளில் மட்டும் சாத்திப் பின் களைந்துவிடலாம், திருமேனிக்கு ஊறு இல்லை. நம் ஆலயங்களிற் சாத்துப்படி அணிகள் கயிற்றாற் கட்டப்படுதலே தொன்றுதொட்ட வழக்கு. அன்பர் அதற்கு இசைந்தார், விண்மீனையும் விடுத்தார். வெண்கற்களை விட்டு முத்துப் பதிக்கலாம் என்னும் எம் கருத்தை மட்டும் அவர் ஏற்கவில்லை. அதுவும் நன்றே, கொடுப்பவர் உள்ளத்திற்கும் ஓரிடம் வேண்டுமன்றோ!

அருவமாகிய இறைவனுக்கு வடிவே இல்லையாயின், பிறையின் கோட்டைப் பற்றி இத்துணை வாதிடுதல் என்னை எனச் சிலர் வினவலாம். இறைவன் கொள்ளும் திருமேனி மாயையின் வடிவன்று, அருளின் வடிவு என்பது நம் சித்தாந்தம். அருள் தன்னைக் காட்டுதற்குக் கொண்ட குறிகளுள் ஒன்று பிறை. குறி சிதைந்தால் குறிக்கப்பட்ட பொருள் கெடாது. காண்பான் கண் கெடும். ஆதலாற் கம்மியர் கைவினையைக் காத்தல் காண்பார் கண்ணைக் காத்தலாகும்.

ஆகவே ஆலயத்தார்க்கும் அடியவர்க்கும் யாம் வேண்டிக்கொள்வன மூன்று. பழந்திருமேனியில் ஒரு துளையும் இடாதீர்கள். அணி செய்விக்கும்போது வரைபடத்தைக் காட்டுதற்கு முன்னே கம்மியரின் கருத்தைக் கேளுங்கள். வளர்பிறையில் மூன்றாம் நாள் மாலை, சிறுவரையும் உடனழைத்துக்கொண்டு மேற்றிசை நோக்கி நின்று பிறையைக் காணுங்கள். மறுநாள் ஆலயத்திற் சந்திரசேகரர் திருமுன் நிற்கும்போது, முந்தைநாள் வானத்திற் கண்டதே சடையில் இருத்தலை அச்சிறுவரே உமக்குச் சுட்டிக் காட்டுவர்.

திருச்சிற்றம்பலம்.